ஆட்சேபணைக்கு முப்பது நாள்

மூன்று மணிக்கு மேல் பதிவாளர் ஆபீஸில் கூட்டம் வடிந்துவிடும் என்பது இந்த முப்பது நாளில் ஆவுடையம்மாளுக்குப் பாடமாகியிருந்தது. காலையில் பத்திரம் பதிய வருகிறவர்கள், அவர்களுக்குச் சாட்சிகள், சாட்சிகளுக்குத் துணை வந்தவர்கள் என்று வராந்தாவே அடைத்துக்கொள்ளும். மத்தியானச் சாப்பாடு கழிந்ததும் இந்த சிமெண்டு பெஞ்சில் அவள் மட்டும் இருப்பாள், எதிர்ச் சுவரில் கம்பிவலைக் கதவு போட்ட பலகை இருக்கும், பலகைக்குள் மேல்வரிசையில் மூன்றாவது தாளில் அவளும் லில்லிபுஷ்பமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். பாஸ்போர்ட் அளவுப் படம். லில்லி சிரிக்கிறாள், சிரிக்கக்கூடாது என்று ஸ்டூடியோக்காரன் இரண்டு தடவை சொல்லியும் சிரித்தாள். ஆவுடையின் முகம் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல இருந்தது. படங்களுக்குக் கீழே பேர், தகப்பனார் பேர், வயது, விலாசம், மேற்படி இருவரும் இணையராகப் பதிவு செய்துகொள்ள மனுச் செய்திருப்பதால் ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று நாலைந்து வரி. முப்பது நாள் இன்றைக்கு ஐந்து மணியோடு முடிகிறது. சட்டமன்றத்தில் அந்தச் சட்டம் நிறைவேறி எட்டு மாசம் ஆகிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இந்த மாநிலத்தில் கல்யாணம் பதிந்துகொள்ளலாம் என்று ஆனபிறகு இந்த ஆபீஸுக்கு வந்த முதல் மனு அவர்களுடையது. "எல்லாக் கல்யாணத்துக்கும் இந்த முப்பது நாள் உண்டும்மா, உங்களுக்குன்னு தனியா வெக்கல" என்று மனுவை வாங்கிய ஆபீஸ் குமாஸ்தா மீராள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். இருந்தாலும் ஆவுடை தினமும் வந்துவிடுகிறாள். நீ போய் உக்காந்துக்கிட்டா வாறவன் வராம இருப்பானாக்கும் என்று லில்லி கேட்டபிறகும் வருகிறாள். நாற்பது வருஷம் யாரும் பார்த்துவிடாமல் இருக்க என்னவெல்லாமோ செய்தவள், இப்போது யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழும், இந்தக் காற்றுக்கு நிச்சயம் விழும்.

ஆட்சேபணை. நாக்கில் வைத்துப் பார்த்தால் புளித்த மோர்போல இருக்கும் அந்தச் சொல் அவளுக்குப் புதிது இல்லை. அது அண்ணனுடைய சொல். நெல்லைநாயகம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்த வருஷத்திலிருந்தே வீட்டிலும் கோப்புத் தமிழில்தான் பேசுவான். சோறு கூட வேண்டுமா என்று கேட்டால் "ஆட்சேபணை இல்லை" என்பான், அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்திவைப்பான், யாருக்குத் திருப்பி அனுப்பப் போகிறானோ. அவளுக்கு அ எழுதப் பழக்கியவன் அவன்தான், சுழியை மேலே கொண்டுபோகாதே, கீழே இருந்து வா என்று கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையின் சூடு இன்றைக்கும் புறங்கையில் இருக்கிறது, அதுதான் கோபமாய் வருகிறது, எல்லாவற்றையும் மறந்த உடம்பு இதை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது. கடையநல்லூர் மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவளை எதிரே நிறுத்தி அவன் கேட்டான். "மாப்பிள்ளை விஷயத்தில உனக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா?" உண்டு என்றாள். அப்பா வெற்றிலை மடித்த கையோடு நிமிர்ந்தார். "காரணம்?" என்றான் அவன். காரணம் அதுவரை தூத்துக்குடியில் இருந்தது, காரணம் முந்தின வாரந்தான் தென்காசிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கியிருந்தது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. காரணம் சொல்லாத ஆட்சேபணை செல்லாது என்றான் அண்ணன். ஒரு மாசத்தில் காரணம் அவனுக்கு யார் மூலமோ தெரிந்தது, அதற்கப்புறம் அவள் அந்த வீட்டில் சாப்பிடவில்லை. போன வாரம் சித்தி மகள் போன் பண்ணிச் சொன்னாள். "அண்ணனுக்குப் பலகை விஷயம் தெரிஞ்சுபோச்சுக்கா. முழுசாக் கேட்டுட்டு, நான் போய்ப் பாத்துக்கிடுதேன்னு ஒரே வார்த்தைதான் சொன்னான்." பாத்துக்கிடுதேன். எழுபத்துநாலு வயசில் கடையத்திலிருந்து பஸ் ஏறி வருவானா. வருவான். எழுத்து மூலம் என்றால் அவனைவிட யார் எழுத முடியும்.

முதலில் அவளுக்குக் கிடைத்தது லில்லியின் குரல்தான். முகம் கிடைக்க அப்புறம் இரண்டு வருஷம் ஆனது. எண்பதாம் வருஷம், தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புப் பலகை முன்னால் ஆவுடையோடு ஒன்பது பெண்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு எரிந்தால் கயிற்றை எடுத்துத் துளையில் சொருக வேண்டும், என்ன நம்பர் என்று கேட்க வேண்டும், டிரங்க் கால் என்றால் சீட்டில் எழுதி அடுத்த ஊரைக் கூப்பிட வேண்டும். ஊர்களுக்கு ஊர்கள் பேசிக்கொள்ளும்போது ஆபரேட்டர்களுக்குப் பேர் கிடையாது. மதுரை என்றால் மதுரை, சங்கரன்கோவில் என்றால் சங்கரன்கோவில். தூத்துக்குடி என்று ஒரு குரல் வரும். கொஞ்சம் கரகரத்த குரல், காலையில் முதல் பேச்சு பேசுகிறவளுடையதுபோல இருக்கும், மத்தியானத்திலும் அப்படித்தான் இருக்கும். "தென்காசி, உப்பளத்து முதலாளி லைன்ல நிக்காரு, உங்க ஊர் வக்கீலைச் சீக்கிரம் புடிச்சுக் குடு, இல்லன்னா இங்கன எங்கிட்ட அழுவாரு." அவள் சிரித்துவிட்டாள், சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். பிறகு வேலை இல்லாத இடைவெளிகளில், தென்காசி, சாப்பிட்டியா. சாப்பிட்டேன், தூத்துக்குடி. என்ன குழம்பு. இங்கே மழை, தூத்துக்குடி. கொஞ்சம் இங்கன அனுப்பி வையேன் தென்காசி, எங்களுக்கு உப்புக்காத்துதான். இரண்டு வருஷம் இதுதான் பேச்சு, இதில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள். ஆனால் தூத்துக்குடி லீவு போட்ட நாட்களில் அந்தத் துளையில் வேறு யாராவது பேசினால் கயிற்றைப் பிடுங்கி எறியவேண்டும்போல இருந்தது. எண்பத்திரண்டு சீசனுக்குத் தூத்துக்குடி எக்ஸ்சேஞ்சுக்காரிகள் ஆறு பேர் குற்றாலத்துக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆவுடை நின்றாள், எந்த முகத்தைத் தேடுவது என்று தெரியாமல், ஆறு முகங்களையும் மாறி மாறிப் பார்த்து, சிவப்பாய் உயரமாய் ஒருத்தி இருந்தாள், அவளாகத்தான் இருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, பின்னால் குட்டையாய் எண்ணெய் வழியும் முகத்தோடு ஒருத்தி கண்டக்டரிடம் "ஏண்ணே, இது பையா இல்ல பாயா, இந்த நசுங்கு நசுங்கியிருக்கு" என்று சண்டை பிடித்தாள். அந்தக் கரகரப்பு. உடம்பெல்லாம் காதாகிவிட்டது. ஐந்தருவியில் பெண்கள் பக்கத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், தண்ணீர் தலையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவது கேட்காது, லில்லி என்னமோ சொன்னாள், என்ன என்றாள் இவள், லில்லி மறுபடி சொன்னாள், கேட்கவில்லை, மூன்றாம் தடவை சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது என்ன சொன்னாய் என்று பத்து வருஷம் கழித்துக் கேட்டபோது, "தண்ணி வாய்க்குள்ள போகுதுன்னு சொன்னேன்ளா" என்றாள். அது பொய். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மடியில் போன் அதிர்ந்தது. எடுப்பதற்குள் ஒருமுறை நின்று மறுபடி அடித்தது.

"யாரும் வந்தாவளா?" என்றாள் லில்லி.

"வரல. ரெண்டு பேரு வந்து நின்னாங்க. மழைக்கு ஒதுங்கினவங்க."

"சாப்பிட்டியா தென்காசி?"

"சாப்பிட்டேன். நீ முட்டுக்குத் தைலம் போட்டியா?"

"போட்டேன், போட்டேன். அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம் அங்கன இருக்கக்கூடாது. பஸ்ஸு இல்லன்னா ஆட்டோல வா. கேசரி கிண்டப் போறேன்."

"கண்ணு படுற மாதிரி முன்னாலயே எதையாவது சொல்லாத."

"அறுபத்தெட்டு வயசுக் கிழவிக மேல எவன் கண்ணுளா படும்?" என்று சொல்லிவிட்டு லில்லி சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது, இருமல் முடியும்வரை ஆவுடை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

கண் படத்தான் செய்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தால் கம்பிவலை வழியாகப் பேனாவை விட்டு யாரோ லில்லியின் படத்துக்கு மீசை போட்டிருந்தார்கள். முறுக்கு மீசை, நிதானமாக நின்று போட்டிருந்தார்கள். ஆவுடை பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மீராள் வெளியே வந்து பார்த்து, உள்ளே போய்ப் புதுத் தாளாக அடித்துக்கொண்டு வந்து மாட்டினாள், பழையதை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தாள். வீட்டில் அதைக் காட்டுவதா வேண்டாமா என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்தாள். லில்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஏளா, எங்கப்பாவை உரிச்சு வெச்சிருக்கு. இத்தனை வருஷம் நமக்குத் தோணாமப் போச்சே." அப்புறம் அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். லில்லிக்கு இப்படி எதையும் எடுத்து எங்கேயாவது வைத்துக்கொள்ளத் தெரியும், ஆவுடைக்குத் தெரியாது, அவளுக்கு எல்லாம் தொண்டையிலேயே நிற்கும். சட்டம் நிறைவேறிய அன்றும் அப்படித்தான். டிவியில் சட்டமன்றத்தைக் காட்டினார்கள், மேஜையைத் தட்டினார்கள், சில பேர் எழுந்து வெளியே போனார்கள். லில்லி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியை நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, "கட்டிக்கிடுவோமா?" என்றாள். என்னத்தை என்று கேட்டாள் ஆவுடை, நிஜமாகவே விளங்காமல். "என்னத்தையா? என்னைத்தான்." இந்த வயசிலயா, ஊர் சிரிக்கும், இனிமேல் பேப்பர் எதுக்கு, நாற்பது வருஷம் இல்லாத பேப்பர் என்று அடுக்கிக்கொண்டே போனாள். லில்லி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு வேணும்ளா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாற்பது வருஷத்தில் எனக்கு வேண்டும் என்று அவள் எதையும் கேட்டதில்லை, தூத்துக்குடியை விட்டு வந்ததுகூடக் கேட்டு வரவில்லை, தானாக வந்தாள்.

நாற்பது வருஷமும் ஊருக்கு என்ன சொன்னார்கள். அத்தை மகள் என்று சொல்ல முடியாது, ஒருத்தி நெற்றியில் திருநீறு, ஒருத்தி கழுத்தில் சிலுவை. கூட வேலை பார்க்கிறவள் என்று சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. ரிட்டையர் ஆனபிறகு கூட வேலை பார்த்தவள் என்று ஒரு சொல்லை மாற்றிக்கொண்டார்கள். ரேஷன் கார்டு வந்த வருஷம் ஒரே வீட்டில் இரண்டு கார்டு எப்படி என்று கேள்வி வந்தது; ஒரே கார்டில் போடுங்கள் என்றால் குடும்பத் தலைவிக்கு இவள் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது, அந்தக் கட்டத்தில் எழுத எந்தச் சொல்லும் இல்லை. தனித்தனிக் கார்டு வேண்டுமானால் தனித்தனி அடுப்பு எரிய வேண்டுமாம். இன்ஸ்பெக்டர் பார்க்க வருகிறார் என்றதும் லில்லி ஓடிப்போய் ஒரு ஸ்டவ் வாங்கிக்கொண்டு வந்து பின்னறையில் வைத்தாள், அதில் ஒரு சட்டியை ஏற்றி, சட்டிக்குள் வெறும் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டாள். என்னம்மா சமைக்கிறீங்க என்று அவர் கேட்டார். "ரசம் சார்" என்றாள் லில்லி. அவர் எட்டிப் பார்த்தார், தெளிந்த தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "நல்ல ரசம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஆவுடைக்கு விலா பிடித்துக்கொண்டது. அந்த ஸ்டவ்வை அப்புறம் பற்றவைக்கவே இல்லை, ஆனாலும் தூசி துடைத்துத் துடைத்துப் பதினைந்து வருஷம் வைத்திருந்தார்கள், யாராவது வந்து பார்த்துவிட்டால் என்று. அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. இரண்டு பேருக்கும் காலை ஷிப்ட் என்றால் பொழுது விடியும்போது சேர்ந்தே நடந்து போவார்கள், லில்லி ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டு வருவாள், இவள் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், பால்காரன் மணியடித்துப் போவான், மலைமேல் மேகம் இறங்கியிருக்கும். பயம் இருந்தது, ஆனால் பயமும் வீட்டில் வளர்கிற ஒரு ஜீவன்போல ஓர் ஓரமாய்ப் படுத்துக் கிடந்தது. இந்தப் பலகை வந்தபிறகுதான் அது எழுந்து நடமாடுகிறது.

இல்லை, ஒருநாள் அதற்கு முன்பும் எழுந்தது. நினைக்கக்கூடாது என்று எத்தனை தடவை இந்தப் பெஞ்சிலிருந்து மனசை வேறு பக்கம் திருப்பினாலும் கிணற்றைச் சுற்றும் மாடுபோல அங்கேயே வந்து நிற்கிறது. தொண்ணூற்றிரண்டு, சித்திரை மாசம். அப்பா போய்விட்டார் என்று எக்ஸ்சேஞ்சுக்கே போன் வந்தது, லில்லிதான் அந்த போனை எடுத்தாள், கயிற்றைப் பிடுங்காமலே எழுந்து வந்து தோளைத் தொட்டாள். இரண்டு பேருமாகக் கடையத்துக்கு பஸ் ஏறினார்கள். வீட்டு வாசலில் பந்தல், பெஞ்சு, ஆட்கள். அண்ணன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறான், அழுத கண், தாடி. "நீ உள்ள வா" என்றான். அப்புறம் லில்லியைப் பார்க்காமல், "அது வெளியே நிக்கட்டும்" என்றான். அது. ஆவுடை திரும்பி லில்லியைப் பார்த்தாள். போ, போ என்று லில்லி கண்ணைக் காட்டினாள். போனாள். அதுதான். போனாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அண்ணன் பெண்டாட்டி, மைனி, தண்ணீர் கொடுத்தாள், குடித்தாள். பதினொரு மணிக்கு உள்ளே போனவள் வெளியே வரும்போது மூன்றரை. எதிர்வரிசையில் நிழல் என்று சொல்ல ஒரு தந்திக் கம்பத்து நிழல்தான் இருந்தது, அதில் லில்லி நின்றுகொண்டிருந்தாள், கையில் இரண்டு கலர் சோடா பாட்டில், ஒன்று காலி, ஒன்று இவளுக்கு. வெயிலில் சுட்டுக் கஷாயம்போல இருந்தது அது. "நல்லாப் பாத்தியா அப்பாவை?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கும் அதற்கப்புறமும் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. அன்றைக்கு ஆவுடை சொல்லியிருக்கலாம், இவளும் வருவாள், இல்லையென்றால் நானும் வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா செத்துக் கிடக்கும்போது வாசலில் நின்று வாதாட முடியுமா என்று முப்பது வருஷமாகத் தனக்குத் தானே வக்கீல் வைத்துப் பேசிப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் கேஸ் தோற்றுப்போகிறது. எனக்கு வேணும்ளா என்று லில்லி கேட்டபோது அவள் சரி என்று சொன்னதற்குக் காரணம் சட்டம் இல்லை. அந்தத் தந்திக் கம்பம்.

சாரல் நின்று வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. நாலு இருபது. கேட்டுக்குள் ஒருவர் குடையை மடக்கி உதறிக்கொண்டு வந்தார். வேட்டியை ஈரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார், கக்கத்தில் பிளாஸ்டிக் கவர், காலை ஒரு மாதிரி சாய்த்து வைத்து நடந்தார். அப்பா நடப்பதுபோலவே இருக்கிறதே என்று நினைத்துவிட்டுத்தான் யார் என்று தெரிந்தது. அப்பாவின் வயசைத் தாண்டிவிட்டிருந்தான் அண்ணன். ஆவுடைக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது, எழுந்து உள்ளே ஓட வேண்டும்போல இருந்தது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அவன் அவளைப் பார்த்தானா பார்க்கவில்லையா, நேரே பலகைக்குப் போனான். கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். முதல் தாளிலிருந்து வாசித்தான், யாருடையதோ கல்யாணம், யாருடையதோ ஏலம், எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்றையும் விடாமல். மூன்றாவது தாளுக்கு வந்ததும் விரலைக் கம்பிவலையில் வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினான். உதடு அசைந்தது. விரல் ஓர் இடத்தில் நின்றது, பின்னால் வந்தது, மறுபடி நின்றது. கவரிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சரிபார்த்தான். எழுதியே கொண்டுவந்திருக்கிறான். பிறகு உள்ளே போனான். நாற்காலி இழுபடுகிற சத்தம். ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் மீராளின் மேஜை, ஒவ்வொரு வார்த்தையும் வெளியே கேட்கும்.

"மூணாம் நம்பர் அறிவிப்புக்கு ஆட்சேபணை குடுக்க வந்திருக்கேன்."

மீராள் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. "எழுத்து மூலமாக் குடுக்கணும் சார்" என்றாள்.

"எழுதித்தான் இருக்கு. வாசிங்க. சத்தமா வாசிங்க, ஏதாவது விட்டுப்போயிருந்தாத் தெரியும்."

ஓடிவிடலாம், இப்போதே எழுந்து கேட்டைத் தாண்டிவிடலாம் என்று ஆவுடை நினைத்தாள், லில்லி இந்நேரம் ரவை வறுத்துக்கொண்டிருப்பாள், நெய் வாசனை வீடெல்லாம் இருக்கும், அவளிடம் போய் என்ன சொல்வது, விசாரணை என்று இழுக்கும், மாசக்கணக்கில் இழுக்கும், முட்டியைப் பிடித்துக்கொண்டு லில்லி எந்தப் படி ஏறுவாள், மறுபடியும் அவளை வெளியே நிறுத்தியாயிற்று, மறுபடியும் அதே ஆள், அதே வெயில். ஓடவில்லை. எழுந்தாள், ஆனால் கேட்டுப் பக்கம் போகாமல் வாசல்படிக்குப் போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீராள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசிக்க ஆரம்பித்திருந்தாள்.

"பொருள்: இணையர் பதிவு அறிவிப்பு, ஆட்சேபணை, சம்பந்தமாக. ஐயா, மேற்படி அறிவிப்பில் கண்டுள்ள முதல் மனுதாரரான ஆவுடையம்மாள் என்பவர் என் உடன்பிறந்த தங்கை ஆவார்."

ஆவுடை நிலையைவிட்டுக் கையை எடுத்தாள்.

"அவருடைய தகப்பனார் பெயர் தீர்த்தப்பன் என்று அறிவிப்பில் கண்டுள்ளது. அது பிழை. எங்கள் தகப்பனார் பெயர் தீத்தாரப்பன். பிழையான பெயரில் மேற்படி பதிவு நடைபெறுவதை நான் ஆட்சேபிக்கிறேன். உரிய திருத்தம் செய்த பின்னரே பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு..." மீராள் நிறுத்தினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

"இல்ல, வேற ஆட்சேபணை ஏதாவது..."

"எழுதியிருக்கிறதுதாம்மா ஆட்சேபணை. எழுதாததை நீங்க கேக்கக்கூடாது."

"மனுவில எழுத்து நடுங்கியிருந்தது சார், நான்தான் தப்பா அடிச்சிட்டேன். எழுத்துப்பிழைதானே, இப்பவே திருத்திரலாம். தேதி ஒண்ணும் தள்ளிப்போகாது."

"திருத்துங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

பிரிண்டர் கரகரவென்று ஓடியது. அவன் புதுத் தாளைக் கையில் வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசித்து, ஆட்சேபணை இல்லை என்று தனக்குள் சொல்வதுபோலத் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தான். குடையை எடுத்துக்கொண்டு வந்தான். வாசல்படியில் அவள் நின்றாள், விலகிக்கொள்ளத் தோன்றவில்லை. கிட்டத்தில் பார்க்கும்போது காதோரம் ரோமம் பஞ்சுபோல நரைத்திருந்தது.

"முப்பது நாளா இங்கனதான் இருந்தியாமே" என்றான். "அப்பா பேரைப் பாக்கலையா?"

"பாக்கலண்ணே."

அந்தத் தாளில் அவள் தன் பேரையும் லில்லியின் பேரையும் தவிர எதையும் பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது. சொல்லாமலே அவனுக்கு விளங்கியிருக்கலாம், வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பிள்ளை வரலியா?"

அறுபத்தெட்டு வயசு லில்லி, முட்டுவலி லில்லி, அந்தப் பிள்ளை. "வீட்டுல இருக்கு. கால் வலி." தொண்டையில் நின்றதை இன்றைக்கு விழுங்கக்கூடாது, இன்றைக்கும் விழுங்கினால் அப்புறம் எப்போது. "அண்ணே, அன்னைக்கு அவளை நீ வெளியே நிறுத்தியிருக்கக் கூடாது. நானும் விட்டுட்டு உள்ள வந்திருக்கக் கூடாது."

அவன் குனிந்து குடையைப் பார்த்தான். குடையின் கம்பியில் ஒன்று வளைந்திருந்தது, அதை நிமிர்த்தப் பார்த்தான், நிமிரவில்லை. வெகுநேரம் அந்தக் கம்பியோடேயே இருந்தான்.

"வெயிலு அன்னைக்கு" என்றான் கடைசியில். அதற்குமேல் வாக்கியம் முடியவில்லை, அவனுக்கு வாக்கியம் முடியாமல் அவள் பார்த்ததே இல்லை.

"வீட்டுக்கு வந்துட்டுப் போயேன். கேசரி கிண்டிக்கிட்டிருக்கா."

"இன்னைக்கு முடியாது." குரலைத் தணித்தான், உள்ளே மீராளுக்குக் கேட்டுவிடாமல். "உன் மைனிக்குத் தெரியாம வந்திருக்கேன். கண்ணு ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு வந்தேன். நாலு அம்பது பஸ்ஸை விட்டா அவளுக்குச் சந்தேகம் வந்துரும்."

அவன் படி இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து கேட்டுக்குப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைச் சாத்தினான், கொக்கி விழவில்லை என்று நின்று, மறுபடி சாத்திவிட்டுப் போனான்.

மீராள் புதுத் தாளைப் பலகையில் மாட்டிக் குண்டூசி குத்தினாள். இன்னும் இருபது நிமிஷம் தொங்கப்போகிற தாள். அதற்குக்கூட நாலு மூலைக்கும் நாலு குண்டூசி. "உங்க அண்ணனா அம்மா?" என்றாள். ஆமாம் என்றாள் ஆவுடை. இந்த ஒரு கேள்விக்குத்தான் எத்தனை சுலபமான பதில். ஐந்து மணி அடித்ததும் பதிவேட்டில் ஒரு வரி எழுதி முத்திரை குத்திவிட்டு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் மூன்று சாட்சிகளோடு வாருங்கள் என்று சொன்னாள், கால் வலிக்கு நாற்காலி வெளியே எடுத்துப் போடச் சொல்கிறேன் என்றும் சொன்னாள். ரோட்டுக்கு வந்து ஆட்டோவுக்குக் கை காட்டும்போது போன் அடித்தது.

"யாரும் வந்தாவளா?"

"வந்தாங்க."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. லில்லியின் மூச்சு மட்டும் கேட்டது, நாற்பத்தைந்து வருஷமாகக் காதுக்குப் பழகின மூச்சு.

"யாருளா?"

"பொண்ணு வீட்டுக்காரங்க" என்றாள் ஆவுடை.

கரண்டி மறுபடி சட்டியில் உரசியது. அப்புறம் அந்தக் கரகரத்த குரல், "எந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க?" என்று கேட்டது.